தொடர்பகத்துக்குப் பிரிண்டர்: கிளிநொச்சிக் கடையா, கொழும்புக் கடையா?

தொடர்பகம், அதாவது போட்டோகொப்பி, பிரிண்ட் எடுத்துக் கொடுக்கிற கடை, தொடங்குகிற எல்லோருக்கும் வருகிற கேள்விதான் இது. அதே இங்க் டேங்க் பிரிண்டருக்கு பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாப் பக்கம் ஒரு விலை, கிளிநொச்சி டவுனில் இன்னொரு விலை. கொழும்பில் மலிவு, தெரிவும் அதிகம். அதில் வாதமே இல்லை. ஆனாலும் நான் கூடக் காசு கொடுத்து கிளிநொச்சியில்தான் வாங்கினேன். மெஷின் பழுதானால் சட்டம் எனக்கு எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்று பார்த்துத்தான் அப்படிச் செய்தேன்.

"கடைத் தேவைக்கு வாங்கினால் நீங்கள் நுகர்வோர் இல்லை" என்று பலர் சொல்வார்கள். தமிழ்நாட்டு யூடியூப் காணொளிகளில் வருகிற பேச்சு அது. இந்தியாவின் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிகத் தேவைக்கு வாங்குகிறவரை விலக்குகிறது. அங்கேயும் சுயதொழிலில் பிழைப்புக்காக மட்டும் பாவிக்கிறவருக்கு விதிவிலக்கு உண்டு. இலங்கையில் நமக்கு உரியது 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம். காசுக்கு விற்கப்படும் பொருளைப் பாவிக்கிறவர் எவரும் அதன்படி நுகர்வோர்தான். வீட்டுக்கா, கடைக்கா என்று அது பிரிக்கவில்லை. கேட்டால் பற்றுச்சீட்டு தரவேண்டியது வியாபாரியின் கடமை. விசாரணையில் பிழை உறுதியானால் பொருளை மாற்றிக் கொடுக்கவோ காசைத் திருப்பிக் கொடுக்கவோ அதிகாரசபை கட்டளையிடலாம்.

இதுவரை இரண்டு கடைக்கும் ஒரே சட்டம்தான். வித்தியாசம் காலக்கெடுவில் வருகிறது. அதிகாரசபைக்கு முறைப்பாட்டை எழுத்தில், விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்கவேண்டும். பழுது தெரிந்த நாளிலிருந்து அல்ல, வாங்கிய நாளிலிருந்து. கொழும்பில் வாங்கிய மெஷின் இரண்டாம் மாதம் கோடு விழத் தொடங்குகிறது என்று வையுங்கள். 300 கிலோமீட்டருக்கு மேல் பஸ்ஸில் பார்சல் போட்டு அனுப்பி, "சரி செய்தாச்சு" என்று திரும்பி வந்து, மறுபடியும் கோடு விழும்போது அந்த மூன்று மாதம் பறந்திருக்கும். அப்புறம் அதிகாரசபையிடம் போகவும் வழியில்லை. கிளிநொச்சிக் கடை என்றால் அன்றைக்கே தூக்கிக்கொண்டு போய், என்ன பழுது என்று திகதியோடு எழுதி வாங்கலாம். முறையிட வேண்டி வந்தால் அந்தத் துண்டுதான் பேசும்.

இன்னொன்றும் இருக்கிறது. இங்கே இன்னும் நடைமுறையிலிருக்கும் 1896 ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டத்தின்படி, என்ன வேலைக்கு என்று சொல்லி, விற்பவரின் அனுபவத்தை நம்பி வாங்கினால் பொருள் அந்த வேலைக்கு ஏற்றதாக இருக்கவேண்டும். வேலையைச் சொல்லாமல் இன்ன மாடல் என்று பெயரைச் சொல்லி வாங்கினால் அந்தப் பாதுகாப்பு இல்லை. பொருளின் பொதுவான தரம் பற்றிய நிபந்தனை மட்டும் மிஞ்சும். கொழும்புக்கு போன் எடுத்தால் மாடல் இலக்கத்தைத்தானே சொல்லுவோம்? நேரில் போனால், "அண்ணை, சோதனைக் காலத்தில நாள் முழுக்க ஓடும், எது தாங்கும்?" என்று கேட்கலாம். அவர் காட்டியதை வாங்கி, பில்லில் 'தொடர்பகப் பாவனைக்கு' என்று எழுதச் சொல்லுங்கள். எழுத மறுக்கிற கடையில் வாங்காதீர்கள். சின்ன மாடல்கள் சிலவற்றின் வாரண்டியில் 'வீட்டுப் பாவனைக்கு மட்டும்' என்றொரு வரி ஒளிந்திருக்கும். அதுவும் அப்போதே வெளிச்சத்துக்கு வரும்.

மற்ற நிபந்தனைகள் எங்கே வாங்கினாலும் ஏறக்குறைய ஒன்றுதான். பல பில்களில் ஒரு வருடம் என்பது 350 நாள். அதற்கு முன்னரே குறித்த பக்க எண்ணிக்கையை அடித்து முடித்தாலும் வாரண்டி முடியும். இடி, மின்னழுத்த ஏற்ற இறக்கம், உள்ளே எறும்பு, பல்லி எல்லாம் விலக்கு. ஐப்பசி இடிக்கு முன்னால் எந்தச் சட்டமும் நிற்காது. பிளக்கைக் கழற்றிவிடுங்கள்.

மாதாமாதம் கொழும்பு போய் வருகிறவர், பழுதானால் மாற்றுக்கு இன்னொரு பிரிண்டர் வைத்திருப்பவர் என்றால் கொழும்பிலேயே வாங்கலாம். ஒரே மெஷினை நம்பிக் கடை திறக்கிறவருக்கு அது சரிவராது.