வீடு தேடி வரும் நோய் ஆதரவு சிகிச்சை: யார் வருகிறார்கள், செலவை யார் தாங்குகிறார்கள்?

நோய் ஆதரவு சிகிச்சை என்பது நோயாளியின் வலியையும் அவதியையும் குறைக்கும் சிகிச்சை. புற்றுநோய் முற்றிய ஒருவரை ‘இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று மருத்துவமனை அனுப்பிவிடுகிறது. தமிழ்நாட்டில் அதன்பிறகு அந்த வீட்டுக்கு வரக்கூடியவர்கள் இரண்டு தரப்பினர்: அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ செவிலியர், அல்லது ஏதாவது ஓர் அறக்கட்டளையின் வீட்டுக் குழு. கேரளத்தில் பஞ்சாயத்தும் ஊர்க்காரர்களும் சேர்ந்து நடத்தும் மூன்றாவது வழி ஒன்று உண்டு. மூன்றிலும் நோயாளியிடம் காசு வாங்குவதில்லை. ஆனால் கிடைப்பது ஒன்றல்ல.

அரசுச் செவிலியர்

2021 ஆகஸ்டில் தொடங்கிய இந்தத் திட்டத்தின் பலம் அதன் பரப்பு. அறக்கட்டளை வண்டி எட்டிப்பார்க்காத கிராமத்துக்கும் இவர்கள் போகிறார்கள். புண்ணுக்குக் கட்டு மாற்றுவது, சிறுநீர்க் குழாய் மாற்றுவது, இயன்முறைப் பயிற்சி எல்லாம் வீட்டிலேயே நடக்கும். சிக்கல், ஒரு வட்டாரம் முழுவதையும் மிகச் சிலரே சுற்றிவர வேண்டியிருப்பது. பக்கவாதம் வந்து வருடக்கணக்கில் படுத்திருப்பவருக்கு இடைவெளி விட்டு வந்தாலும் சமாளிக்கலாம். கடைசி மூன்று வாரத்தில் இருப்பவருக்கு நாளுக்கு நாள் நிலைமை மாறும். அவருக்கு அது போதாது. கடும் வலிக்குத் தரும் மார்ஃபின் மருந்து எல்லா ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இருப்பதுமில்லை.

அறக்கட்டளைக் குழு

மருத்துவர், செவிலியர், ஓட்டுநர், முடிந்தால் ஓர் ஆலோசகர். நகரத்தில் ஒரு நாளைக்கு ஆறு வீடு பார்ப்பார்கள். இவர்களின் உண்மையான பயன் வலியைக் கட்டுக்குள் வைப்பதிலும் இரவில் போனை எடுப்பதிலும் இருக்கிறது.

சாதாரண மார்ஃபின் மாத்திரையை நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை தர வேண்டும்: காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10. பொதுவாக இரவு 10 மணிக்கு இரட்டை அளவு எழுதுவார்கள், நள்ளிரவில் எழுப்பத் தேவையிருக்காது. சிறுநீரகம் பழுதானவருக்கு இந்தக் கணக்கே மாறும், அளவை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். கூடவே மலமிளக்கி எழுதாமல் விட்டால் சில நாளில் மலம் இறுகி வயிறு உப்பும். வீட்டார் பயந்துபோய் மார்ஃபினை நிறுத்துவார்கள். வலி திரும்பும். ராத்திரியோடு ராத்திரியாக ஆம்புலன்ஸ், அவசர சிகிச்சைப் பிரிவு, கடன். ஒரு போன் அழைப்பில் தடுத்திருக்கக்கூடியது இது. புண் நாற்றமும் அப்படித்தான். மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவினால் பெரும்பாலும் ஓரிரு நாளில் நாற்றம் அடங்கும். அதுவரை வாசலோடு திரும்பிய உறவினர்கள் கட்டிலருகே உட்காருவார்கள்.

மார்ஃபின் வைத்திருக்க மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் அங்கீகாரம் வேண்டும். போதைமருந்துச் சட்டத்தில் 2014இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு பல உரிமங்களுக்குப் பதில் இந்த ஓர் அங்கீகாரம் போதும். அது இல்லாத குழு, அங்கீகாரம் உள்ள மருத்துவமனையோடு ஏற்பாடு செய்துகொள்ளாமல் வேலையைத் தொடங்கக் கூடாது.

கேரள வழி

1993இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் வெளிநோயாளிப் பிரிவாகத் தொடங்கியது, சில ஆண்டுகளில் மலப்புறம் போன்ற மாவட்டங்களில் ஊர்க்காரர்கள் நடத்தும் கிளினிக்குகளாகப் பரவியது. 2008இல் மாநில அரசு தனிக் கொள்கையே வகுத்தது. செவிலியரின் சம்பளம் உள்ளாட்சி நிதியிலிருந்து வருகிறது. அரிசி, பிள்ளைகளின் படிப்புச் செலவு, துணைக்கு ஆள் இவற்றையெல்லாம் தன்னார்வலர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். செவிலியர் வருகை நிச்சயம். மருத்துவர் வருகை இடத்துக்கு இடம் மாறும், கடும் வலி உள்ளவருக்கு இது குறைதான்.

சிகிச்சைத் தரத்தில் நல்ல அறக்கட்டளைக் குழுவே முன்னால் நிற்கிறது. ஆனால் மூன்றிலும் முதலில் மூச்சுத் திணறுவதும் அதுதான். காரணம், பணம் வரும் விதம்.

நான்கு பணவழிகள்

செலவை முதலில் பார்ப்போம். உதாரணத்துக்கு ஒரு குழுவின் மாதக் கணக்கு: செவிலியர் 25,000 ரூபாய், வாரம் இரு நாள் வரும் மருத்துவர் 40,000, ஓட்டுநர் 18,000, டீசல் 10,000 (தினம் 60 கி.மீ., 22 நாள்), மருந்தும் கட்டுப்பொருளும் 25,000, போன், கணக்கு, தணிக்கை 12,000, வண்டிப் பராமரிப்பும் காப்பீடும் 8,000. ஆக 1,38,000. ஆறு வீடு வீதம் 132 வருகை என்றால், ஒரு வருகைக்கு ஏறக்குறைய 1,045 ரூபாய். இதில் மருந்து ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. சம்பளமும் டீசலும்தான் செலவு.

நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி இந்த இரண்டையும்தான் தரத் தயங்குகிறது. வண்டி வாங்கித் தருவார்கள், பக்கவாட்டில் பெயர் எழுதலாம். அதை ஓட்டுபவரின் சம்பளத்துக்கு அடுத்த ஆண்டு ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுமா என்று மார்ச்சில் காத்திருக்க வேண்டும். நீங்கள் குழு நடத்துபவர் என்றால், நிறுவனம் தன் அறிக்கைப் படிவத்தில் ‘எத்தனை பேர் குணமானார்கள்?’ என்ற கட்டத்தை நிரப்பச் சொன்னால், வலி அளவு குறைந்தவர்கள், தவிர்க்கப்பட்ட மருத்துவமனைச் சேர்க்கைகள் என்று மாற்றித் தரக் கேளுங்கள். இந்தத் தடுமாற்றம் நம் ஊரோடு நிற்பதில்லை. இங்கிலாந்தில் ஹாஸ்பிஸ்களின் (இறுதிக்கால நோயாளிகளைப் பராமரிக்கும் அமைப்புகள்) வருமானத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் அரசுப் பணம். 2024 டிசம்பரில் அரசு அறிவித்த 10 கோடி பவுண்டும் கட்டடத்துக்கும் கருவிகளுக்குமே, சம்பளத்துக்கு அல்ல.

வெளிநாட்டு நன்கொடை பெரிய தொகையாக வரும். வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் 2020இல் வந்த திருத்தத்துக்குப் பின் நிர்வாகச் செலவு அந்தப் பணத்தில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. வாங்கிய பணத்தை இன்னொரு சிறு அமைப்புக்குக் கைமாற்றவும் முடியாது. வீட்டுச் சிகிச்சையில் வண்டிச் செலவு நிர்வாகக் கணக்கில் விழுமா, சேவைக் கணக்கில் விழுமா என்பதைத் தணிக்கையாளரிடம் முதல் மாதமே பேசி எழுத்தில் வாங்கிவிடுங்கள். ஆண்டு முடிவில் பேசினால் வினைதான்.

கட்டணம் வசூலிப்பது தீர்வாகத் தோன்றும். ஆனால் இந்த வீடுகள் நகையை ஏற்கெனவே அடகு வைத்தவை. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் மருத்துவமனைச் சிகிச்சையோடு நின்றுவிடுகிறது. வருகைக்குக் காசு என்றால் வலி பொறுக்க முடியாமல் போகும்வரை கூப்பிடமாட்டார்கள். காற்றுப் படுக்கை, ஆக்சிஜன் கருவி போன்றவற்றுக்குத் திருப்பித் தரும் முன்பணம் வாங்குவது மட்டும் நியாயம். பொருள் திரும்பி வரும்.

மிஞ்சுவது மாதாமாதம் தரும் சிறு நன்கொடை. மேலே சொன்ன குழுவுக்கு மாதம் 300 ரூபாய் தருபவர்கள் 460 பேர் போதும். எதற்குச் செலவிட வேண்டும் என்ற நிபந்தனை இல்லாததால் சம்பளம், டீசல் இரண்டுக்கும் போகும். பத்துப் பேர் விலகினாலும் குழு நிற்காது. கேரளத்துக் கிளினிக்குகள் கடை உண்டியலிலும் மாதச் சந்தாவிலும் வளர்ந்தவை என்பது தற்செயல் இல்லை. சிரமமும் உண்டு. 460 பேரைச் சேர்க்க ஓரிரு ஆண்டு பிடிக்கும், ரசீது போட ஆள் வேண்டும். புதிய வருமான வரி முறையில் இருப்பவருக்கு நன்கொடைக்கு வரிச் சலுகை கிடையாது என்பதால் ‘வரி மிச்சமாகும்’ என்று கேட்கும் பழைய வழி இப்போது பலிப்பதில்லை. வண்டி எந்தத் தெருக்களுக்குப் போகிறதோ அந்தத் தெருக்காரர்களிடமே கேட்பதுதான் பலிக்கிறது.

வண்டியை நிறுவனத்திடம் வாங்குங்கள், செவிலியர் சம்பளத்தை அதை நம்பி வைக்காதீர்கள். ஆறு மாதச் சம்பளம் கையிருப்பில் சேரும்வரை இரண்டாவது குழுவைத் தொடங்க வேண்டாம். பணம் சுருங்கினால் சுற்றளவைக் குறைத்துப் புதிய நோயாளிகளைச் சேர்ப்பதை நிறுத்தலாம். ஏற்கெனவே பார்த்துவரும் வீட்டின் வருகையையும் இரவு போனையும் மட்டும் குறைக்கக் கூடாது. தூரத்து நோயாளியை வட்டார அரசுச் செவிலியரிடம் ஒப்படைக்கும்போது மருந்து அட்டவணையின் நகலையும் கையில் கொடுங்கள்.