கிராஃப்ல விழுற ஓட்டையை "சரி பண்றோம்"னு வந்தா உஷார்: 28,500 ரூபாய் போச்சு

கிண்டி எஸ்டேட் ஆபீஸ். நெட்வொர்க்ல எவ்வளவு டேட்டா போகுதுன்னு கோடு போட்டுக் காட்டுற காக்டைங்கிற சாஃப்ட்வேர்ல, ட்ராஃபிக் கிராஃப் எல்லாம் பல்லு விழுந்த மாதிரி நடுநடுவே வெள்ளை. ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் ஒரு நெட்வொர்க் சர்வீஸ் கடையைக் கூப்பிட்டோம். வந்தவர் நெட்வொர்க் ஸ்விட்ச் மேல கையை வெச்சு, "நீங்களே தொட்டுப் பாருங்க சார், கொதிக்குது. போர்டு போயிடுச்சு"ன்னார். நிஜமாவே சுட்டுச்சு. அங்கதான் நம்பிக்கை வந்தது. ஏசி இல்லாத ரேக்ல எந்த ஸ்விட்ச்தான் சுடாது? ரீஃபர்பிஷ்டு ஸ்விட்ச், சர்வீஸ் சார்ஜ் சேர்த்து 28,500.

மறுநாள் கிராஃப்ல ஓட்டையே இல்லை. இந்த வாரம் லிங்க் அரை மணி நேரம் செத்துக் கிடந்துச்சு, அப்பவும் இல்லை! கோடு வழவழன்னு போகுது. காக்டை ரீடிங்கைச் சேமிக்கிற ஆர்ஆர்டி ஃபைல்ல 'ஆர்ஆர்டிடூல் இன்ஃபோ' கமாண்ட் போட்டுப் பார்த்தா, மினிமல் ஹார்ட்பீட் 600 செகண்ட் இருந்த இடத்துல 3600. அதாவது ஒரு மணி நேரத்துக்குள்ள அடுத்த ரீடிங் வந்துட்டாப் போதும், நடுவுல விட்டுப்போனதைச் சராசரி போட்டுப் பூசிடும். ரிப்பேர் இல்லீங்க, மூடி மறைச்சிருக்காங்க. அந்த நேரத்து உண்மையான ரீடிங் இனி எப்பவும் கிடைக்காது.

ஓட்டை விழுந்ததுக்கு நிஜக் காரணம் காக்டை லாக்லயே கிடக்குது: 'மேக்ஸிமம் ரன்டைம் ஆஃப் 298 செகண்ட்ஸ் எக்ஸீடட்'. எப்பவோ கழட்டின வைஃபை ஆக்சஸ் பாயின்ட் எல்லாம் லிஸ்ட்ல அப்படியே இருக்கு. பதில் வராத ஒவ்வொண்ணுக்கும் டைம்அவுட், அப்புறம் ரீட்ரை. ஒவ்வொரு டிவைஸா ரீடிங் கேட்டு வாங்குற போலர் 5 நிமிஷத்துல முடியாம பாதியில நின்னுடும், மிச்ச டிவைஸுக்கு அந்தச் சுத்து ரீடிங்கே கிடையாது. அதையெல்லாம் டிஸேபிள் பண்ணி, ஹார்ட்பீட்டைப் பழையபடி 600 ஆக்கினோம். வேலை முடிஞ்சது, செலவு சைபர்.

கடைக்குப் போன் போட்டா "டெக்னீஷியன் சைட்ல இருக்கார்". அடுத்த தடவை, "சாஃப்ட்வேர் எங்க வேலை இல்ல சார்". அப்போ ஹார்ட்பீட்டை மாத்தினது யாரு, ஆவியா? 28,500-க்கு பில் கேட்டதும், "ஜிஎஸ்டி தனியா ஆகும், பரவாயில்லையா?"

நிறைய எழுதணும்னு உட்கார்ந்தேன், கை நடுங்குது. இதை மட்டும் பாருங்க. எல்லா டிவைஸ்லயும் ஒரே நேரத்துல ஓட்டைன்னா கோளாறு பெரும்பாலும் காக்டை ஓடுற சர்வர்ல, ஸ்விட்ச்ல இல்லை. ஒரே டிவைஸ்ல மட்டும்னா எஸ்என்எம்பி (டிவைஸ்கிட்ட ரீடிங் கேட்கிற முறை) டைம்அவுட், சிபியு லோடு பாருங்க. ரீபூட்டுக்கு அப்புறம் வந்துச்சுன்னா இன்டர்ஃபேஸ் இன்டெக்ஸ், அதாவது டிவைஸ் ஒவ்வொரு போர்ட்டுக்கும் வெச்சிருக்கிற நம்பர், மாறியிருக்கலாம். ஜிகாபிட் போர்ட்ல 32 பிட் கவுண்டர் வேண்டாம், முழு லோடுல சுமார் 34 செகண்ட்ல நிரம்பி மறுபடி சைபருக்கு வந்துடும். 64 பிட் கவுண்டருக்கு எஸ்என்எம்பி வி2சி வெர்ஷன் போதும். வெளியாள் கை வைக்கறதுக்கு முன்னாடி ஆர்ஆர்டி ஃபைல்களைக் காப்பி எடுத்து வைங்க, பில் இல்லாம காசு கொடுக்காதீங்க.