வெளிச் செலவு யார் கணக்கில்?

சேலம் செவ்வாய்ப்பேட்டை கொலுசுக் கடைக்கு ஏற்காட்டில் விளம்பரப் படப்பிடிப்பு என்று வைத்துக்கொள்வோம். புகைப்படக்காரர், ஒப்பனைக் கலைஞர், வேன் வாடகை ஆகிய வெளிச் செலவுகளை விளம்பர நிறுவனமான நாம் கட்டுவதா, கடைக்காரரே நேரடியாகக் கொடுப்பதா?

நாம் கட்டினால் வேலை நம் பிடியில் இருக்கும். மலையில் மூடுபனி இறங்கி, கொலுசின் மணிகூடப் படத்தில் தெளிவாக விழாமல் போனால், யாரையும் கேட்காமல் மறுநாளும் தங்கிவிடலாம். ஆனால் கைமுதல் நம்முடையது. வெளிச் செலவையும் சேர்த்து முழுத் தொகைக்கும் 18 சதவீத ஜிஎஸ்டி போட வேண்டும். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாத கலைஞர்கள் பெரும்பாலும் ஜிஎஸ்டி பதிவு செய்திருக்க மாட்டார்கள். நாம் கட்டும் வரியில் கழித்துக்கொள்ள அவர்கள் பில்லில் வரியே இருக்காது.

கடைக்காரர் கொடுத்தால் இந்தச் சுமை இல்லை. அவதி கலைஞருக்குத்தான். "தீபாவளி வியாபாரம் முடியட்டும்" என்று இழுத்தடிப்பார்கள். உத்யம் என்னும் அரசின் சிறுதொழில் பதிவுள்ள கலைஞருக்கு, எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும் என்கிறது 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம். அதைக் காட்டிக் கேட்கும் துணிவு எத்தனை பேருக்கு வரும்?

கலைஞர்கள் நம்மை நம்பித்தான் மலையேறுகிறார்கள். அவர்கள் ஊதியத்தை நாமே கொடுக்க வேண்டும். அச்சு, ஃப்ளெக்ஸ் பில்களைக் கடையின் பெயரிலேயே போடச் சொல்லலாம். கடைக்காரரிடம் பாதித் தொகையை முன்பணமாக வாங்கிய பிறகே வேன் பேசுங்கள்.