இருமொழிப் புத்தகமா, மொழிக்கொரு பிரதியா?

திருப்பூர் பனியன் கம்பெனித் தொழிலாளர் பிள்ளைகள் பலருக்கு வீட்டில் இந்தி, ஒடியா. தாளவாடிப் பக்கம் கன்னடம். இவர்களுக்குக் கதை படிக்க எந்தப் புத்தகம்?

ஒரே பக்கத்தில் இரு மொழி என்றால் செலவு குறைவு. ஆனால் பிள்ளை தெரிந்த மொழியை மட்டும் படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடும். அதனால் தெரிந்த மொழியின் வரிகளை அட்டைத்துண்டால் மறைத்து, படம் பார்த்துச் சொன்னபின் திறக்க வேண்டும்.

மொழிக்கொரு பிரதியே எங்கள் தேர்வு. ஸ்டோரிவீவர் தளத்தில் ஒரே கதை பல மொழிகளில் இலவசமாகக் கிடைக்கும். பிடிஎப்பாகவே அச்சிடுங்கள், வரிகளை நகலெடுத்து ஒட்டினால் ஒடியாக் கூட்டெழுத்து சிதையலாம். தமிழ்ப் பிள்ளையையும் ஒடியாப் பிள்ளையையும் அருகருகே உட்காரவைத்து, பக்கம் பக்கமாக மாறிமாறி வாசிக்கவிடுங்கள்.

வீட்டில் தெலுங்கு பேசியும் அந்த எழுத்து தெரியாத பிள்ளைக்கு மட்டும், தெலுங்கு வரிகளைத் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுங்கள்.