உப்புத் தண்ணீருக்கு எந்த சோலார் ஹீட்டர்?

சிறுவாணித் தண்ணீர் வரும் வீட்டுக்கு எதை வாங்கினாலும் சரிதானுங்க. பல்லடம், அவிநாசிப் பக்கம் போர் தண்ணீரை நம்பியிருப்பவர்கள்தான் யோசிக்க வேண்டும்.

கண்ணாடிக் குழாய் வகை விலை குறைவு. உப்பு அடியில் படிந்தால் கழற்றிக் கழுவலாம். ஆனால் சாதாரண மாடலில் பிரஷர் பம்பை நேராக இணைக்கக் கூடாது. ஒரு குழாய் உடைந்தாலும் தொட்டித் தண்ணீர் கொட்டிப் போகும்.

செப்புத் தகடு வகையில் குழாய்கள் விரல் தடிமன்தான். போர் தண்ணீரை நேராக விட்டால் உப்பு அடைத்துக்கொள்ளும், பிறகு ஆசிட் விட்டுக் கழுவுவதே வேலையாகிவிடும். அதற்குத்தான் மூடிய சுற்று. தகட்டுக்குள் ஒரே நல்ல தண்ணீர் திரும்பத் திரும்பச் சுற்றும்; தொட்டித் தண்ணீரோடு கலக்காமல், சூட்டை மட்டும் கொடுக்கும். புது உப்பு உள்ளே நுழைய வழியில்லை. 20 டிகிரித் தண்ணீர் 80 டிகிரிக்குப் போனால் ஏறக்குறைய 3 சதவீதம் விரியும். ஆகவே விரிவதற்கு இடமும் பிரஷர் ரிலீஃப் வால்வும் இருக்கிறதா என்று மாடியேறிப் பார்த்துவிட்டே பணம் கொடுங்க.

குடிநீரின் கடினத்தன்மைக்கு, அதாவது அதில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு, மெக்னீசிய உப்புகளுக்கு, இந்தியத் தர அளவு லிட்டருக்கு 200 மில்லிகிராம். வேறு வழியில்லாவிட்டால் 600. உங்கள் போர் அந்த 600-ஐத் தாண்டினால், செலவு கூடினாலும் மூடிய சுற்றையே போடச் சொல்வேன்.