மீடியாவிக்கியில் தேடலும் வடிகட்டலும்: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

நான் வேலை பார்ப்பது கோயம்புத்தூரில் பம்ப்செட் செய்யும் ஒரு நடுத்தர நிறுவனத்தில். சோதனை முறை, பழுது நீக்கும் குறிப்பு, உதிரிபாகப் பட்டியல், சர்வீஸ் ஆட்களுக்கான வழிகாட்டி என்று எல்லாமே உள் வலையமைப்பில் ஓடும் மீடியாவிக்கியில் இருக்கிறது. விக்கிப்பீடியாவுக்காக 2002இல் எழுதப்பட்டு வளர்ந்த அதே மென்பொருள்தான். சில வருடமாக இதைத் தினமும் பயன்படுத்துகிறேன், பராமரிப்பிலும் கை வைக்கிறேன்.

எழுதுவது, திருத்துவது, பழைய பதிப்புக்குத் திரும்புவது பற்றியெல்லாம் குறை சொல்ல ஒன்றுமில்லை. நான் பேச வந்தது தேடலைப் பற்றி. வயலில் மோட்டாரைக் கழற்றி வைத்துக்கொண்டு போனில் தேடும் சர்வீஸ்காரருக்கு இரண்டு முறை கிடைக்காவிட்டால், மூன்றாம் முறை அவர் விக்கியைத் திறக்க மாட்டார். நேராக சூப்பர்வைசருக்குப் போன் போடுவார். நாம் பாடுபட்டு எழுதிய பக்கம் அங்கேயே கிடக்கும்.

நிறுவியவுடன் கிடைக்கும் தேடல் தரவுத்தளத்தின் முழுச்சொல் தேடல்தான். தட்டிய சொல் அதே வடிவில் இருந்தால் வரும், இல்லையென்றால் வராது. வேற்றுமை உருபு ஒட்டும் தமிழுக்கு இது போதவே போதாது. அது மட்டுமில்லை, பக்கத்தின் மூல எழுத்தை மட்டுமே அது பார்க்கிறது. எச்சரிக்கைக் குறிப்புகளை வார்ப்புருவாக, அதாவது ஒரே இடத்தில் எழுதிப் பல பக்கங்களில் காட்டும் துண்டாகச் செய்து சேர்த்திருந்தோம். வார்ப்புருவுக்குள் இருக்கும் சொல்லைத் தேடினால் அந்தப் பக்கங்கள் ஒன்றும் வராது.

அதனால் விக்கிப்பீடியா பயன்படுத்தும் சிரஸ்சர்ச் என்ற நீட்சிக்கு (மீடியாவிக்கியோடு சேர்க்கும் கூடுதல் நிரல்) மாறினோம். இது எலாஸ்டிக்சர்ச் என்ற தனித் தேடல் மென்பொருளின் மேல் ஓடுவது, தனியாக நினைவகம் கேட்கும். பதிப்பும் பொருந்த வேண்டும்: மீடியாவிக்கி 1.39 என்றால் எலாஸ்டிக்சர்ச் 7.10.2. புதிதாக இருக்கிறதே என்று 8ஆம் பதிப்பைப் போட்டால் ஓடாது. சிரமப்பட்டாலும் பலன் உண்டு. வார்ப்புரு விரிந்த பிறகு வாசகர் கண்ணில் படும் எழுத்து முழுவதும் தேடலுக்குள் வருகிறது. அதிகப் பக்கங்கள் இணைப்பு கொடுத்திருக்கும் பக்கம் மேலே ஏறுகிறது.

நிறுவுபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். புதிய பக்கம் உடனே தேடலில் வராது, பின்னணி வேலைகள் நிற்கும் பணி வரிசையில் காத்திருந்துதான் போகும். இயல்பான அமைப்பில், யாராவது பக்கத்தைத் திறக்கும்போது ஒவ்வொரு வேலையாக நகரும். விக்கிப்பீடியா மாதிரி கூட்டம் உள்ள தளத்துக்குச் சரி. ஞாயிற்றுக்கிழமை ஒருவரும் எட்டிப் பார்க்காத அலுவலக விக்கியில் வரிசை அப்படியே நிற்கும். "நேற்றே எழுதினேன், தேடினால் காணோம்" என்ற புகார் பெரும்பாலும் இதிலிருந்துதான் வருகிறது. அந்த வழியை நிறுத்திவிட்டு, பணி வரிசையை ஓட்டும் நிரலை கிரான் (குறித்த நேரத்தில் நிரல்களை இயக்கும் சர்வர் வசதி) மூலம் நிமிடத்துக்கு ஒரு முறை இயக்கினால் புகார் நின்றுவிடும்.

இனி வடிகட்டல். என்னைக் கேட்டால் அலுவலக விக்கிக்குத் தேடலைவிட இதுதான் முக்கியம். இணையத்தில் தேடுபவருக்கு ஏதாவது ஒரு நல்ல பதில் போதும். இங்கே அப்படி இல்லை, சரியான அந்த ஒரே பக்கம் வேண்டும். "கசிவு" என்று தேடினால் எங்கள் விக்கியில் பக்கம் பக்கமாக வரும். அதோடு பக்கங்களை வகைப்படுத்தும் பகுப்புகளில் "நீர்மூழ்கி பம்ப்" பகுப்பையும் "சோதனை" பகுப்பையும் சேர்த்துக் கொடுத்தால் முடிவுகள் ஒரே திரைக்குள் அடங்கிவிடும். தலைப்பில் மட்டும் தேடலாம், ஒரு வார்ப்புரு உள்ள பக்கங்களை மட்டும் எடுக்கலாம், முன்னால் கழித்தல் குறி போட்டு வேண்டாததை விலக்கலாம்.

ஆனால் எங்களுக்கு மிகவும் உதவியது, வேண்டாததை விலக்காமல் கீழே தள்ளும் இன்னொரு வழிதான். உற்பத்தி நிறுத்திய மாடல்களின் பக்கங்களை அழிக்க முடியாது. பத்து வருடம் முன்பு வாங்கியவர் இன்றும் சர்வீஸுக்கு வருவார். ஆனால் அவை புதிய மாடல் பக்கங்களுக்கு முன்னால் வந்து நின்றால் தவறான சீல் அளவைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். அந்தப் பக்கங்களிலெல்லாம் "காலாவதி" என்று ஒரு வார்ப்புரு போட்டோம். பிறகு சிரஸ்சர்ச்சுக்கென்று இருக்கும் ஒரு அமைப்புப் பக்கத்தில், இந்த வார்ப்புரு உள்ள பக்கத்துக்கு 20 சதவீத எடை மட்டும் என்று ஒரே வரி எழுதினோம். பழைய பக்கங்கள் தானாகக் கீழே இறங்கிவிட்டன. தேடுபவர் எந்தக் குறியீடும் கற்க வேண்டியதில்லை. இந்த வசதியைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

குறியீடுகளை மனப்பாடம் செய்யச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்தவும் கூடாது. ஜெர்மனியின் விக்கிமீடியா அமைப்பு உருவாக்கிய அட்வான்ஸ்டுசர்ச் நீட்சி எல்லாவற்றையும் படிவமாகக் காட்டுகிறது: இந்தச் சொல் வேண்டும், இது வேண்டாம், இந்தப் பகுப்பு, இந்தக் கோப்பு வகை. கடைசியாகத் திருத்திய வரிசையிலும் அடுக்கலாம். இதைப் போட்ட பிறகுதான் ஸ்டோர்ஸ் ஆட்கள் வடிகட்டவே ஆரம்பித்தார்கள்.

ஒரு குறை: பகுப்பைக் கொடுத்தால் அதன் துணைப்பகுப்புகளில் தேடாது. ஆழமாகத் தேடும் வழி இருக்கிறது, ஆனால் அதற்குத் தனியாக இன்னொரு சேவையை நிறுவ வேண்டும். எங்கள் அளவுக்கு அது வீண் வேலை. மரம்போல் கிளைத்திருந்த பகுப்புகளைக் கலைத்து, ஒவ்வொரு பக்கத்துக்கும் மாடல் வகை, வேலை வகை என்று தட்டையாகப் பகுப்பு போட்டோம்.

அடுத்து தமிழ். எலாஸ்டிக்சர்ச்சின் அந்தப் பதிப்போடு வரும், சொல்லின் உருபைக் கழித்து அடிச்சொல்லைப் பிடிக்கும் மொழிப் பகுப்பாய்விகளில் இந்தி உண்டு, வங்காளம் உண்டு, தமிழ் இல்லை. ஆகவே "கசிவு" தேடினால் "கசிவை", "கசிவால்" வராது. நட்சத்திரக் குறிதான் கை கொடுக்கிறது, அதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. "கசிவு*" என்று போட்டால் கசிவு, கசிவுக்கு வரை வரும். கடைசி உகரத்தை எடுத்துவிட்டு "கசிவ*" என்று போடுங்கள். யுனிகோடில் உயிர்க்குறி மெய்யெழுத்துக்குப் பின்னால் தனியாக நிற்பதால் கசிவு, கசிவை, கசிவால், கசிவின் எல்லாம் ஒன்றாக வந்துவிடும். "தேய்மான*" என்றால் தேய்மானமும் தேய்மானத்தையும் கிடைக்கும். எல்லாச் சொல்லுக்கும் இது ஒத்துவராது. "அழுத்த*" என்று தேடினால் "பொத்தானை அழுத்தினால்" என்று இருக்கும் பக்கமெல்லாம் கூடவே வந்து நிற்கும். அப்போது பகுப்பைச் சேர்த்துத்தான் சுருக்க வேண்டும்.

செலவே இல்லாமல் பெரிய மாற்றம் தந்தது வழிமாற்றுப் பக்கங்கள், அதாவது ஒரு பெயரில் வருபவரை வேறு பெயரில் உள்ள பக்கத்துக்கு அனுப்பிவைக்கும் பக்கங்கள். தேடல் பெட்டியில் தட்டியது ஒரு தலைப்போடு அப்படியே பொருந்தினால் மீடியாவிக்கி நேராக அந்தப் பக்கத்துக்கே கொண்டுபோய்விடும். வழிமாற்றுக்கும் அப்படியே. எங்கள் பக்கத்தின் பெயர் "ஸ்டேட்டர் வைண்டிங் பழுது". வயலில் நிற்பவர் தட்டுவதோ "காயில் எரிஞ்சு போச்சு". "பிரைமிங் இழப்பு" பக்கம் வேண்டியவர் "தண்ணி ஏறல" என்கிறார். அவர்கள் தட்டுவது எல்லாம் வெப் சர்வர் பதிவில் அப்படியே இருக்கிறது, தேடல் முகவரியிலேயே சொல்லும் சேர்ந்து வருவதால். தமிழ் எழுத்து சதவீதக் குறியும் எண்ணுமாக மாறியிருக்கும், ஒரு சின்ன நிரல் போட்டு மீட்டெடுத்தால் போதும். அடிக்கடி வரும் சொற்களுக்கு வழிமாற்று போட்டுக்கொண்டே வருகிறேன். பேச்சு வழக்கில் தலைப்பா என்று முதலில் சிலர் முகம் சுளித்தார்கள். பக்கத்தின் தலைப்பு மாறவில்லை, உள்ளே வரும் வாசல்தான் கூடியிருக்கிறது என்று விளக்கியதும் ஒப்புக்கொண்டார்கள்.

இதே இடத்தில் ஒரு தொல்லையும் உண்டு. பொருந்தும் தலைப்பு இல்லையென்றால் "இப்பக்கத்தை உருவாக்கவும்" என்று விக்கி அழைக்கும். ஆர்வமுள்ள புதியவர் உடனே எழுதத் தொடங்கிவிடுவார், ஒரே விஷயத்துக்கு இரண்டு பக்கம் ஆகிவிடும். அந்த அழைப்பு வாசகத்தை நிர்வாகி மாற்றலாம். "வேறு பெயரில் இருக்கலாம், பகுப்பில் ஒரு முறை பாருங்கள்" என்று சேர்த்தோம், இரட்டைப் பக்கங்கள் நன்றாகவே குறைந்தன.

சம்பளம், ஒப்பந்தம் போன்ற ரகசியக் கோப்புகளை மட்டும் இதில் வைக்காதீர்கள். பக்கவாரியாகப் படிக்கும் உரிமையைப் பூட்டுவதற்காக மீடியாவிக்கி வடிவமைக்கப்படவில்லை. நீட்சி போட்டுப் பூட்டினாலும் தேடல் முடிவில் இரண்டு வரி கசியலாம்.

சில நூறு பக்கம் வரை உள்ள விக்கி என்றால் இயல்பான தேடலோடு வழிமாற்றுகளை ஒழுங்காகப் போட்டாலே சமாளிக்கலாம். அதற்கு மேல் போனால் சிரஸ்சர்ச் தவிர்க்க முடியாதது, அதைக் கவனிக்க ஓர் ஆளும் வேண்டும்.

எங்களுக்கு இன்னும் தீராதது ஸ்கேன் செய்த பிடிஎஃப் கோப்புகள். எழுத்து அடுக்கு உள்ள பிடிஎஃப் என்றால் உள்ளே இருப்பதையும் தேடல் பிடித்துவிடும், வெறும் படம் என்றால் கோப்பின் பெயர்தான் கதி. படத்திலுள்ள எழுத்தை அடையாளம் காணும் டெசராக்ட் மென்பொருள் கொண்டு ஒவ்வொன்றாக எழுத்தாக மாற்றி ஏற்றிவருகிறோம். அச்சு எழுத்து நன்றாகவே வருகிறது. பழைய காஸ்டிங் வரைபடங்களின் ஓரத்தில் பென்சிலால் எழுதிய அளவுத் திருத்தங்கள் மட்டும் அதற்குப் பிடிபடுவதில்லை. அவற்றை பேட்டர்ன் ஷாப்பின் மூத்த ஆட்களிடம் கேட்டுக் கோப்பு விளக்கப் பக்கத்தில் கையால் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறோம்.