இரண்டு ஆண்டு என்று சொல்லி விற்கப்பட்ட முப்பது நாள்

சிங்கப்பூரில் வேலை செய்யும் பிள்ளைகளோடு சில காலம் தங்கியிருக்க நினைக்கும் பெற்றோர், காரைக்குடிப் பக்கத்தில் யாரிடமும் பணத்தைக் கொடுப்பதற்கு முன் இதைப் படிக்க வேண்டும் என்பதற்காகவே, வெளியில் சொல்லக் கூச்சமாக இருந்தும் எழுதுகிறேன். எனக்கு வயது 67. பள்ளத்தூரில் நானும் என் வீட்டு ஆச்சியும் (என் மனைவி) மட்டும் இருக்கிறோம். எங்கள் கையை விட்டுப் போன தொகை 1,85,000 ரூபாய்.

மகன் அங்கே எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்ற வேலை அனுமதியில் இருக்கிறான். பேத்தி பிறந்தபோது, ஓர் ஆண்டாவது உடன் இருக்கலாம் என்று ஆச்சி ஆசைப்பட்டார். "அப்பச்சி, பெற்றோரை நீண்ட நாள் வைத்துக்கொள்ள இங்கே சம்பள வரம்பு இருக்கிறது, இப்போது முடியாது, விசிட்டில் வந்து போங்கள்" என்று மகன் சொன்னான். வரம்பு எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அவன் சம்பளத்தைக் கேட்டது போல ஆகிவிடும், அந்தப் பழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. இன்று யோசித்துப் பார்த்தால், அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் இந்தப் பணம் முழுவதும் மிஞ்சியிருக்கும்.

செக்காலைச் சாலையில் ஒரு டிராவல்ஸ் கடை. அதை நடத்துபவர் என் குடும்பத்தைப் பற்றி முன்கூட்டியே விசாரித்து வைத்திருந்தார் என்பது பிறகுதான் புரிந்தது. "அண்ணே, உங்கள் ஐயா ரஜூலா கப்பலில் போய் மார்க்கெட் ஸ்ட்ரீட் கிட்டங்கியில் இருந்தவரல்லவா? அப்படிப்பட்ட குடும்பங்களுக்குத் தனி வழி இருக்கிறது. சம்பள வரம்பெல்லாம் கம்பெனி மூலமாகக் கேட்பவர்களுக்குத்தான், நான் இங்கிருந்தே பெற்றோர் கோட்டாவில் இரண்டு வருடத்துக்கு எடுத்துத் தருகிறேன்" என்றார். கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, அங்கே போய்ச் செட்டியார்களின் தொழில் விடுதியான கிட்டங்கியில் இருந்த ஐயாவின் பெயரைச் சொன்னதும் என் புத்தி மழுங்கிவிட்டது என்றே சொல்ல வேண்டும். அப்படி ஒரு கோட்டா எந்தக் காலத்திலும் இல்லை.

முதலில் 1,20,000 ரூபாயும் இருவரின் அசல் பாஸ்போர்ட்டுகளும் வாங்கிக்கொண்டார். மூன்று வாரம் கழித்து, மகனுடைய நிறுவனத்தின் பெயரும் சிங்கப்பூர் மனிதவள அமைச்சகத்தின் பெயரும் போட்ட ஓர் 'அனுமதிக் கடிதத்தின்' நகலைக் காட்டி, மீதி 62,000 கொடுத்தால்தான் பாஸ்போர்ட் திரும்பும் என்றார். கொடுத்தோம். புறப்படும் வாரத்தில் எஸ்ஜி அரைவல் கார்டு என்ற, பயணத்துக்கு முன் இணையத்தில் விவரம் கொடுக்கும் பதிவுக்கென்று மேலும் 3,000 கேட்டார். அந்தப் பதிவு சிங்கப்பூர் குடிநுழைவு ஆணையத்தின் இணையதளத்தில் முற்றிலும் இலவசம். பயணத்துக்கு மூன்று நாட்களுக்குள் நாமே செய்துகொள்ளலாம். பணம் எல்லாம் அவருடைய தனிப்பட்ட கணக்குக்கே ஜிபேயில் போயிற்று. பலமுறை கேட்ட பிறகு கிடைத்தது ஒரு துண்டுச் சீட்டு. அதில் 'ஆவணச் செலவு' என்ற இரண்டு சொற்களுக்கு மேல் ஒன்றுமில்லை.

ஏமாற்றின் சூட்சுமம் விசாத் தாளில் இருந்தது. அவர் கொடுத்தது போலி விசா அன்று, உண்மையானதுதான். இந்தியர்களுக்குப் பல முறை போய்வரும் விசா இரண்டு ஆண்டுச் செல்லுபடியுடன் கிடைப்பது உண்டு. எங்களுக்கும் அப்படியே வந்திருந்தது. அந்தத் தேதியை விரலால் தொட்டுக் காட்டி, "பாருங்கள், இரண்டு வருடம்" என்றார். விசா என்பது அந்நாட்டின் வாசல் வரை போவதற்கான அனுமதி மட்டுமே. உள்ளே எத்தனை நாள் இருக்கலாம் என்பதை, அங்கே இறங்கியதும் தரப்படும் வருகை அட்டைதான் (விசிட் பாஸ்) தீர்மானிக்கிறது. அந்த அட்டை இப்போது பாஸ்போர்ட்டில் முத்திரையாக விழுவதில்லை. அரைவல் கார்டில் கொடுத்த மின்னஞ்சலுக்கு வருகிறது. அந்த இடத்தில் அவர் தம்முடைய மின்னஞ்சலை எழுதியிருந்தார். ஆகவே, எங்களுக்குக் கிடைத்தது வெறும் முப்பது நாள் என்பது எங்களுக்குத் தெரியவில்லை, அவருக்கு மட்டும் தெரிந்திருந்தது.

பத்தொன்பதாம் நாள், மருத்துவக் காப்பீடு எடுப்பதற்காக மகன் எங்கள் விவரங்களைக் கேட்டு, ஆணையத்தின் இணையதளத்தில் தேடியபோது உண்மை வெளிவந்தது. கடிதத்தை அவன் தன் அலுவலகத்தில் காட்டினான். தாங்கள் அப்படி விண்ணப்பிக்கவே இல்லை என்று சொல்லிவிட்டார்கள். நாங்கள் நிம்மதியாக நாற்பதாம் நாள் வரை இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையும் அவனே சொன்னான்: 90 நாட்களுக்கு உட்பட்ட காலம் மீறித் தங்கினாலே ஆறு மாதம் வரை சிறையோ, 4,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். அதற்கு மேல் போனால் பிரம்படி. ஐம்பது வயதைத் தாண்டிய ஆண்களுக்கு அது இல்லை என்று சிரிக்காமல் சேர்த்துக்கொண்டான். இருபத்தெட்டாம் நாள் புதிய டிக்கெட் எடுத்துத் திருச்சிக்குத் திரும்பினோம். ஆச்சி விமானத்தில் யாரோடும் பேசவில்லை.

முறையான வழி இதுதான். எம்ப்ளாய்மென்ட் பாஸில் இருப்பவரின் பெற்றோருக்கு நீண்டகால வருகை அட்டை உண்டு. அதற்கு அவருடைய நிலையான மாதச் சம்பளம் குறைந்தது 12,000 சிங்கப்பூர் வெள்ளியாக இருக்க வேண்டும். மனைவி மக்களை அழைத்துக்கொள்ள 6,000 போதும். என் மகன் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறான், மருமகளை அழைத்துக்கொள்ள முடிந்தது அதனால்தான். விண்ணப்பிக்க வேண்டியவர் அங்குள்ள முதலாளி, அல்லது முதலாளி நியமித்த அங்குள்ள முகவர். காரைக்குடியிலோ சென்னையிலோ இருக்கும் ஒருவருக்கு அதில் வேலையே இல்லை. கட்டணம் ஓர் ஆளுக்கு விண்ணப்பத்துக்கு 105 வெள்ளி, அட்டை வழங்கும்போது 225 வெள்ளி, விசாவுக்கு 30 வெள்ளி. இரண்டு பேருக்கும் கூட்டிப் பார்த்தால் நாங்கள் கொடுத்ததில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. ஆகவே, யாராவது 'பெற்றோர் பாஸ்' என்று பேசினால், விண்ணப்பதாரர் யார் என்று கேளுங்கள். பிள்ளையின் நிறுவனத்தின் பெயரைச் சொன்னால், அந்த நிறுவனத்திடமே உங்கள் பிள்ளையைக் கேட்கச் சொல்லுங்கள். அசல் பாஸ்போர்ட்டைப் பாக்கிப் பணத்துக்கு ஈடாக யாரிடமும் விட்டுவைக்காதீர்கள்.

ஊர் திரும்பியதும் காவல் நிலையத்தில் இது கொடுக்கல் வாங்கல் தகராறு என்று முதலில் ஒதுக்கப் பார்த்தார்கள். போலிக் கடிதத்தையும், நிறுவனம் எழுதிக் கொடுத்த மறுப்பையும், ஜிபே பட்டியலையும் வைத்த பிறகுதான், மோசடிக்கான பாரதிய நியாய சன்ஹிதா 318ஆம் பிரிவின் கீழ் மனுவை ஏற்றார்கள். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் மீது நடவடிக்கை எடுக்கும் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்துக்கும் எழுதிப் பார்க்க நினைத்தேன். எங்கள் விவகாரம் வேலை தொடர்பானது அன்று என்பதால் அந்தக் கதவு எங்களுக்கு இல்லை என்று வழக்கறிஞர் விளக்கினார். சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் தனியாக மனுக் கொடுத்திருக்கிறோம். ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும். 'ஆவணச் செலவு' என்ற அந்த இரண்டு சொற்களை வைத்துக்கொண்டு, விசா எடுத்துக் கொடுத்ததற்கு மட்டுமே பணம் வாங்கியதாக எதிர்த்தரப்பு வாதிடுகிறது.

போன வாரம் அந்த வழியாகப் போனேன். கடை திறந்துதான் இருக்கிறது. பலகையில் 'சிங்கப்பூர் பெற்றோர் பாஸ்' என்றிருந்த வரிக்கு மேல் வெள்ளை அடித்து, 'மலேசியா நீண்டகால விசா' என்று எழுதியிருக்கிறார்கள்.